ஆரம்பாக்கத்தில் இறங்கிவிட்டுப் போங்கள்

நெல்லூருக்கோ விஜயவாடாவுக்கோ காரில் போய்வருகிற நண்பர்களிடம் ஆரம்பாக்கம் தெரியுமா என்று கேட்டால், "ம்ம், தடா வர்றதுக்கு முன்னாடி ஒரு ஊர் வருமே" என்பார்கள். டீசல் போட்டிருப்பார்கள், ஒரு டீ குடித்திருப்பார்கள், எல்லை தாண்டுமுன் கொஞ்சம் காலை நீட்டி நடந்திருப்பார்கள். அவ்வளவுதான். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இருக்கிறது என்று சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். பழவேற்காடு ஏரி என்றாலே பொன்னேரி வழியாகப் போய் டச்சுக் கல்லறையைப் பார்ப்பது, மீன் சாப்பிடுவது, மாலைக்குள் சென்னை திரும்புவது என்று நமக்குப் பழகிவிட்டது. அதே ஏரிக்கு மேற்கிலும் ஒரு கரை உண்டு, அந்தக் கரை கல்கத்தா போகும் ஜி.என்.டி. சாலைக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. வடக்கே போகும்போது அரை நாளை ஆரம்பாக்கத்துக்குக் கொடுங்கள். சுற்றுலாத் தலம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பெரிய ஓட்டல் கிடையாது, பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று பட்டியல் போடவும் வழியில்லை. ஆனால் இரண்டு மாநிலங்களும் ஓர் ஏரியும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு எப்படி வாழ்கின்றன என்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. நான் மறுபடி மறுபடி போவது அதற்காகத்தான்.

என்னைக் கேட்டால் முதல் முறை ரயிலில் போவது நல்லது. சென்ட்ரல் பக்கத்து புறநகர் நிலையத்தில் ஏறினால் சாதாரண மின்சார ரயில்கள் பெரும்பாலும் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். சூலூர்பேட்டை, நெல்லூர் போகும் வண்டியாகப் பார்த்து ஏற வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு அப்புறம் எளாவூர், அதற்கடுத்து ஆரம்பாக்கம். இந்தப் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி நிலையம் அதுதான். அடுத்தது தடா, ஆந்திரா. அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று ஒவ்வொரு நிலையத்திலும் ஆள் இறங்க இறங்க, பெட்டிக்குள் பேச்சும் மெல்ல மாறிக்கொண்டே போகும். கொருக்குப்பேட்டையில் ஏறியபோது கேட்ட தமிழ் கும்மிடிப்பூண்டி தாண்டியதும் பாதி தெலுங்காகியிருக்கும். ஒருமுறை எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மா போனில் மகளிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். பூக்காரரிடம் தமிழில் முழம் விலை கேட்டார். பக்கத்திலிருந்தவரிடம் இரண்டும் கலந்து ரயில் தாமதத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டார். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு அவர் மூச்சு விடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சாலை வழியென்றால் சென்னையிலிருந்து 60 கி.மீ. சொச்சம். செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று நேர் பாதை. பழைய எண் தேசிய நெடுஞ்சாலை 5, இப்போது 16. கல்கத்தா வரை போகிற சாலை இது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை நெருங்கும்போது காற்றே வேறு மாதிரி இருக்கும். இரும்பு உருக்கும் ஆலைகள், கம்பி இழுக்கும் ஆலைகள், பழைய இரும்பு ஏற்றிய லாரிகள். ஷிப்ட் முடிந்து நடந்துபோகும் இளைஞர்களில் ஒடிசா, பீகார் முகங்கள் நிறைய. இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நம் வீட்டுத் தூணுக்குள் இருக்கும் கம்பி எங்கே பிறந்தது என்று பார்க்கவாவது அங்கே ஒரு நிமிடம் வேகத்தைக் குறைக்கலாம்.

அதைத் தாண்டினால் எளாவூர் சோதனைச்சாவடி. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் இந்தச் சாலையில் ஓடிய லாரிக்காரர்களைக் கேளுங்கள், வணிகவரிச் சோதனைக்காக வண்டியை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் காத்துக்கிடந்த கதை சொல்வார்கள். அந்தக் காத்திருப்பை நம்பித்தான் இந்தச் சாலையோரத்தில் டீக்கடையும் சாப்பாட்டுக் கடையும் பஞ்சர் கடையும் பெருகின. வரிச்சோதனை போனாலும் சாவடி போகவில்லை. போலீஸ், மதுவிலக்கு, போக்குவரத்து என்று ஆட்கள் இருக்கிறார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது இ-பாஸ் இல்லாமல் யாரும் தாண்ட முடியாமல் இந்த எல்லை உண்மையிலேயே எல்லையாக இருந்தது. காலையில் தடாவுக்குப் போய் மாலையில் வீடு திரும்புவதை வெளிமாநிலப் பயணம் என்று நினைத்தே பார்த்திராத குடும்பங்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது. டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் இப்போதும் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஆரம்பாக்கம் கடைத்தெரு காலை நேரத்தில் நல்ல சுறுசுறுப்பு. ஸ்ரீசிட்டி கம்பெனி பேருந்துகளுக்கு நிற்கும் பெண்கள், அடையாள அட்டை கழுத்தில், டிபன் பை கையில். தடா, சத்தியவேடு, வரதய்யபாளையம் பக்கம் 2008-ல் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் திறந்தபிறகு இங்கிருந்து தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போவது சாதாரணமாகிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து நம் சிப்காட்டுக்கு வருகிறவர்களும் உண்டு. பெட்ரோல் பங்குகளில் எப்போதும் கூட்டம். இந்தச் சில வருடங்களாக ஆந்திராவில் பெட்ரோலும் டீசலும் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் என்பதால், வடக்கே போகிற லாரிகள் இங்கேயே டேங்கை நிரப்பிக்கொள்கின்றன. தெற்கே வருகிற லாரிகள் வேறு காரணத்துக்காக நிற்கின்றன. பகலில் சென்னைக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால், ஓட்டுநர்கள் இந்தச் சாலையோரத்தில் குளித்து, துணி துவைத்து, தூங்கி, பொழுது சாய்ந்தபிறகு கிளம்புகிறார்கள். வழித்தங்கல் என்பதை அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

நான் வழக்கமாக உட்காரும் கடையில் இட்லிக்கு நெருப்பு மாதிரி ஒரு மிளகாய்ச் சட்னி தருவார்கள். கடைக்கார அக்காவிடம், "நீங்க தமிழா, தெலுங்காக்கா?" என்று கேட்டேன். "எங்கம்மா ஊரு சூலூர்பேட்டை, வூட்டுக்காரு ஊரு இது. புள்ளைங்க தமிழ் மீடியம். சண்டை வந்தா தெலுங்கு," என்றார். கல்லாவில் இருந்த அண்ணன் தலையாட்டிச் சிரித்தார்.

இந்த எல்லை எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, இந்தப் பக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் நெல்லூர் மாவட்டத்துக்கும் நடுவே ஏற்கனவே இருந்த மாவட்ட எல்லைதான் மாநில எல்லையானது. ஆரம்பாக்கம் இந்தப் பக்கம், தடா அந்தப் பக்கம். மேற்கே சித்தூர் மாவட்டத்துப் பகுதிகளுக்காக ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை நாம் படித்திருக்கிறோம். எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. அதைக் கொண்டாடுகிற நாம், அதே ஏற்பாட்டில் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேட்டுப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திராவுக்குப் போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கே இன்றும் தமிழ் பேசும் வீடுகள் இருக்கின்றன. இங்கே தெலுங்கு பேசும் வீடுகள் இருக்கின்றன. அதன்பிறகும் மாவட்டப் பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தன. நாம் 1997-ல் திருவள்ளூர் மாவட்டமானோம். தடாவும் சூலூர்பேட்டையும் 2022-ல் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போயின. பெண் கொடுத்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

தரையில் இந்த எல்லையோடு மக்கள் ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டுவிட்டார்கள் என்றே சொல்வேன். பேருந்து ஓடுகிறது, வேலை இருக்கிறது, கல்யாணம் நடக்கிறது. எல்லை இன்னும் வலிக்கிற இடம் ஏரிதான்.

ஏரிக்குப் போக, கடைத்தெருவிலிருந்து கிழக்கே ரயில் பாதையைத் தாண்டி நொச்சிக்குப்பம் பக்கம் போகலாம். கொஞ்சம் தெற்கே சுற்றினால் சுண்ணாம்புக்குளம் வழியும் இருக்கிறது. ஷேர் ஆட்டோ கிடைக்கும், ஆனால் திரும்பி வர வண்டி எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயல், சவுக்குத் தோப்பு, இறால் பண்ணைக் குட்டைகள், அதில் சுழலும் காற்றூட்டி இயந்திரங்கள். பிறகு மண்ணின் நிறம் வெளுக்க ஆரம்பிக்கும், மரம் குறையும், பனை மட்டும் நிற்கும். கடைசியில் கண்ணெட்டும் தூரத்துக்குத் தண்ணீர். எதிர்க்கரை தெரியாது. தெரிந்தாலும் அடிவானத்தில் கறுப்பாய் ஒரு கீற்று, அதுதான் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு.

வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கி.மீ. நீளம். இத்தனை பெரிய ஏரியில் பல இடங்களில் இடுப்பளவுதான் தண்ணீர். முதலில் பார்க்கிறவர்களுக்கு இது நம்பவே முடியாது. கரையிலிருந்து வெகுதூரத்தில் ஒரு ஆள் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பார், பின்னால் படகு கயிற்றில் வரும். ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி என்று மழைக்காலத்தில் ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். முகத்துவாரம் வழியே கடல் உப்பைக் கொடுக்கும். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்தால் ஏரி சுமார் 450 சதுர கிலோமீட்டருக்கு விரியும், கோடையில் சுமார் 250-க்குச் சுருங்கிவிடும். வடபகுதி முதலில் காயும், உப்புப் பூத்து வெள்ளைவெளேரென்று கிடக்கும். பருவத்துக்குப் பருவம் இப்படி உப்பு ஏறி இறங்குவதால்தான் இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் இங்கே வளர்கின்றன. இந்த ஏற்ற இறக்கம் நின்றால் ஏரி செத்துப்போகும்.

நான் போனபோது கரையில் ஒரு பெரியவர் நண்டு கட்டிக்கொண்டிருந்தார். களிமண் நிறத்தில், உள்ளங்கையைவிடப் பெரிய பச்சை நண்டுகள், உயிரோடு. கூடையிலிருந்து ஒன்றைத் தரையில் விட்டு, அதன் முதுகில் பாதத்தை மெல்ல அழுத்திப் பிடித்தார். பெரிய கொடுக்கு இரண்டையும் உடம்போடு மடக்கி, நைலான் கயிற்றைக் குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, பின்னால் ஒரு இழுப்பு. முடிச்சு விழுந்ததும் நண்டு பொட்டலம் மாதிரி அடங்கிவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் பக்கம் பேசிக்கொண்டே அடுத்ததை எடுத்துவிட்டார். கொடுக்கு உடைந்த நண்டுக்கு விலை பாதிதான் என்றார். நன்றாகக் கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடினால் சென்னை போய்ச் சேரும்வரை உயிரோடு இருக்கும். அங்கிருந்து அது வெளிநாடு போகும். அது எந்த ஊரில் யார் தட்டில் விழுகிறது என்பது இவருக்குத் தெரியாது. வியாபாரி சொல்கிற விலைதான் விலை.

கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். வலை கிடையாது. இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் தடவி, தட்டுப்படும் இறாலை எடுத்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருக்கும் பறிக்குள் போடுகிறார்கள். மணிக்கணக்கில் குனிந்த முதுகு. வாய் பறியைப் பிடித்திருப்பதால் பேச்சும் கிடையாது. கையில் கிளிஞ்சல் கிழித்த கோடுகள். ஆந்திரப் பக்கத்தில் ஏனாதிப் பழங்குடிகள் இந்த ஏரியையும் தீவையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். ஏரியைப் பற்றி எந்தத் திட்டம் வந்தாலும் படகும் வலையும் இருப்பவர்களிடம்தான் முதலில் பேசுகிறார்கள். வெறும் கையால் பிழைக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை.

இந்த ஏரியில் மீன்பிடிப்பது என்றால் வலையை எடுத்துக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்குவது இல்லை. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஊரின் தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த நாள் எந்தப் பாடு என்று முறை வைக்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். யாரும் நிரந்தரமாகக் கொழுக்கவும் முடியாது, யாரும் நிரந்தரமாகப் பட்டினி கிடக்கவும் வேண்டாம். பல்கலைக்கழகக்காரர்கள் வந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் அளவுக்கு அறிவும் நியாயமும் உள்ள ஏற்பாடு. அதற்குள் வராத சாதிகளுக்கும் ஊர்களுக்கும் அது அடைத்த கதவாகவும் இருந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைப் பற்றிய வழக்கும் வாக்குவாதமும் புதிதில்லை.

ஊருக்குள் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மாநில எல்லையைத் தீர்க்க முடியவில்லை. நொச்சிக்குப்பம் பக்கத்து மீனவர்களுக்கும் தடாவை அடுத்த பீமுனிவாரிபாளையத்துக்காரர்களுக்கும் அவ்வப்போது தகராறு வரும். வலையைப் பிடித்துக்கொண்டு போவது, படகைப் பிடித்துக்கொண்டு போவது, அப்புறம் இரு மாநில அதிகாரிகளும் ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில். கடலோடு சேரும் முக்கிய முகத்துவாரம் பழவேற்காட்டில், நம்மிடம். தண்ணீர் குறையும் மாதங்களில் ஆழம் மிச்சமிருக்கும் இடத்துக்கு எல்லா வலையும் வந்து சேருகிறது, சண்டையும் அங்கேதான் வருகிறது.

நண்டு கட்டிய பெரியவரிடம் எல்லையை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். "அந்தா தெரியுது பாருங்க, சவுக்குத்தோப்பு. அதுக்கு நேரா இந்தக் கம்பம் வந்துச்சுன்னா நம்ம தண்ணி. கம்பம் தோப்பை வுட்டு வெளிய வந்துட்டா அவங்க தண்ணி. நைட்ல இன்னா தெரியும்? காத்து இழுத்துக்கினு போனா நாங்களா போறோம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எம் பொண்ணை அங்கதான் குடுத்துருக்கேன். மாப்ள ஊருக்காரன் எம் படகைப் புடிச்சான்னா நான் யாராண்ட போயி சொல்றது?" என்று சேர்த்துக்கொண்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பறவைகளைக் காப்பாற்றவும் இரண்டு மாநிலமும் தனித்தனியாகத்தான் அறிவித்திருக்கின்றன. ஆந்திரா தன் பகுதியை 1976-ல் சரணாலயமாக்கியது, தமிழ்நாடு 1980-ல். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் இந்தப் பக்கம் பழவேற்காட்டு மீனவர்கள் மண்ணை வெட்டித் திறக்கிறார்கள், மனு கொடுக்கிறார்கள், போராடுகிறார்கள். அது அடைபட்டால் பாதிக்கப்படுவது வடக்கே இருக்கும் ஆந்திர மீனவரும்தான். அதேபோல ஆற்றில் வரும் நன்னீர் குறைந்தால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது. ஏரியைப் பிரிக்காமல் பார்த்ததற்கு நல்ல உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன். இறால் பண்ணைகள் கடற்கரையெல்லாம் பெருகிய 1990-களில், காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. சில்கா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது என்றது. எந்த மாநிலத்துக் கரை என்று அந்த வரி பார்க்கவில்லை, ஏரி முழுவதையும் ஒரே ஏரியாகப் பார்த்தது. பிறகு சட்டங்கள் மாறின, குட்டைகளும் பெருகின. ஆனாலும் அந்தப் பார்வை சரியான பார்வை. மீன்பிடிக்கும் எல்லையிலிருந்து முகத்துவாரம் வரைக்கும் இரு மாநில மீனவர்களும் இருளர்களும் ஏனாதிகளும் உட்காரும் ஒரே மன்றம் இந்த ஏரிக்கு வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதைக் கேட்பது பேராசை இல்லை.

ஏரிக்கு எல்லை கட்டியவர்கள் நம் காலத்தவர்தான். அதற்கு முன் இது முழுக்க வழியாக இருந்தது. தென்கோடியில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையை முடித்தார்கள். வடகோடியில் துர்காராஜபட்டினம் பக்கம் ஆர்மகான் என்ற இடத்தில் ஆங்கிலேயர்கள் 1626-ல் கிடங்கும் காவலும் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே துணி வியாபாரம் சரிப்படாமல் இடம் தேடிக்கொண்டு தெற்கே வந்த பிரான்சிஸ் டே கண்ட இடம்தான் 1639-ல் சென்னையானது. இந்த ஏரிக்கரையில் வியாபாரம் கைகொடுத்திருந்தால் கோட்டை இங்கேயே நின்றிருக்கும். பின்னால் பக்கிங்காம் கால்வாய் ஏரி வழியாக ஓடியது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகில் ஏறிச் சென்னை அடுப்புகளுக்குப் போனது. இப்போது அந்தப் படகு ஒன்றுகூடக் கிடையாது.

அந்தத் தீவிலிருந்து 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி வகைச் சிறு ராக்கெட் ஒன்று கிளம்பியது. அன்றிலிருந்து இந்தக் கரைக்காரர்கள் ராக்கெட் பார்த்தே வளர்ந்தவர்கள். 2023 ஜூலை 14 மதியம் 2.35-க்குச் சந்திரயான்-3 போனபோது நாடே தொலைக்காட்சி முன்னால் இருந்தது. இவர்களுக்கு வாசலுக்கு வந்தால் போதும். முதலில் ஒளி, புகை. சத்தம் தண்ணீரைத் தாண்டி வரக் கொஞ்சம் நேரமாகும், வரும்போது கதவும் பாத்திரமும் அதிரும் என்கிறார்கள். ஏவுதளத்துக்காகத் தீவைக் காலி செய்த குடும்பங்கள் பல, ஏரியின் பிற கரைகளுக்கு வந்து குடியேறின. ஏவும் நாட்களில் கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வருகிறது. பெருமைதான். அதற்கான கூலி இழப்பும் இந்தக் குப்பங்களில்தான் விழுகிறது.

இனி போகிறவர்களுக்கு. பறவை பார்க்க வேண்டுமானால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை நன்றாகப் பெய்த வருடமாக இருந்தால் இன்னும் நல்லது. காலை வெயில் ஏறுமுன் கரைக்குப் போய்விடுங்கள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கட்டாயம், ஏனென்றால் கரையில் நிழல் கிடையாது. மீன் வாங்குவதாக இருந்தால் கையோடு ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். படகு வந்ததும் கரையில் ஏலம் மாதிரி விலை போகும். ஓரமாக நின்று வியாபாரிகள் எடுத்தபிறகு கேட்டால் தருவார்கள். மடவை கிடைத்தால் விடாதீர்கள், ஏரி மடவையின் ருசி கடல் மீனுக்கு வராது. இறால் தடவும் பெண்களைப் படம் எடுக்காதீர்கள். வேலை செய்கிறவர்கள் அவர்கள், காட்சிப்பொருள் இல்லை. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாமென்றால் அதோடு விட்டுவிடுங்கள். குப்பத்துக்குள் போனால் யாராவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நல்ல மரியாதை கிடைக்கும். படகில் போக ஆசைப்பட்டால் ஊர்க்காரர் துணையும் மிதவை உடையும் இல்லாமல் ஏறாதீர்கள். ஆழம் குறைவு என்று நினைக்கிற ஏரியில் சேறும் காற்றும் ஆளை விழுங்கியிருக்கின்றன.

மதியம் கடைத்தெருவுக்குத் திரும்பினால் சாப்பாடு. பருப்புப்பொடியும் நெய்யும் கோங்குராத் துவையலும் வைத்து, கூடவே நம்மூர் மீன் குழம்பும் ஊற்றுகிற மெஸ் இருக்கும் இடம் இது. இரண்டையும் சாப்பிடுங்கள்.

அங்கிருந்து வடக்கே தொடர்கிறவர்கள் தடா தாண்டிச் சூலூர்பேட்டையில் வலது பக்கம் திரும்பி, ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையில் ஏவுதளத்தின் வாயில் வருமுன் வரைக்கும் ஒரு எட்டு போய்வாருங்கள். ஏரியை நடுவில் வெட்டிக்கொண்டு போகிற சாலை அது, பருவத்தில் இரண்டு பக்கமும் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக மேயும். வண்டியை முழுக்க ஓரங்கட்டி, ஹாரன் அடிக்காமல், சாலையிலிருந்தே பாருங்கள். தண்ணீருக்குள் இறங்கி விரட்டிப் படம் எடுப்பவர்களைக் கண்டால் தயங்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ராக்கெட் ஏவும் நாளென்றால் 2019-லிருந்து பொதுமக்களுக்குப் பார்வையாளர் மாடம் உண்டு, முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும். அதற்கும் வடக்கே, நாயுடுபேட்டை போகும் வழியில் நேலபட்டு சரணாலயம் இருக்கிறது. கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம். அங்கே குழந்தைகளோடு போனால் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.